துப்பாக்கிக் கடையில் கணக்கு எழுதுகிறேன்

டாலஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், குடும்பமாக நடத்தும் துப்பாக்கிக் கடையில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். கணவரின் வேலை விசாவோடு சேர்ந்து கிடைக்கும் எச்4 விசாவில் வந்து, கிரீன் கார்டு கைக்கு வரும்வரை வீட்டில்தான் இருந்தேன். அதன்பிறகு முதலில் கிடைத்த வேலை இது. "துப்பாக்கிக் கடையா?" என்று மாமியார் போனில் பதறியபோது, "அங்கயும் கணக்குதான் அத்தை எழுதறேன்" என்று சமாளித்தேன். அது உண்மையும்கூட. இதுவரை ஒரு தோட்டா சுட்டதில்லை, ஆசையும் இல்லை. ஆனால் எங்கள் கடைக்குள் வந்த எந்தத் துப்பாக்கியும் யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

தமிழ்ச் சங்க விழாக்களில் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு "அக்கா, ஒரு டவுட்டு" என்று ஆரம்பிப்பார்கள். அந்த டவுட்டுகளுக்கெல்லாம் சேர்த்துதான் இது. நான் பார்ப்பது டெக்சஸ் நடைமுறை. கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே கதையே வேறு.

முதலில் எங்கள் புத்தகம். வரவு-பற்றுப் புத்தகம்தான், கடைக்காரர்கள் வாயில் 'பவுண்ட் புக்'. ஒரு துப்பாக்கி உள்ளே வந்தால் தயாரித்த நிறுவனம், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர், மாடல், சீரியல் நம்பர், வகை, கேலிபர், வந்த தேதி, கொடுத்தவர் என்று எல்லாம் ஒரே வரியில் ஏற வேண்டும். அடுத்த வேலைநாள் முடிவதற்குள் ஏற வேண்டும். வெளியே போனால் அதே வரியின் மறுபக்கத்தில் யாருக்கு, எந்தத் தேதியில் என்று 7 நாளுக்குள் எழுத வேண்டும். மளிகைக் கடைப் பேரேட்டில் பத்து மூட்டை வந்தது, எட்டு போனது, மீதி இரண்டு என்றால் கணக்கு நேராகிவிடும். இங்கே மீதி இருப்பது எந்த இரண்டு என்றும் காட்ட வேண்டும். சீரியல் நம்பரில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுதிவிட்டால், புத்தகப்படி ஒரு துப்பாக்கி காணவில்லை, அலமாரியில் யாருடையதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுவதே கிடையாது. டார்ச் அடித்து, துப்பாக்கியின் உடலில் பொறித்திருப்பதைப் படித்துத்தான் எழுதுவோம். சில பழைய துப்பாக்கிகளில் எண்ணே இருக்காது. 1968-க்கு முன்பு எல்லாவற்றுக்கும் எண் கட்டாயமாக இல்லை. அப்போது 'எண் இல்லை' என்று எழுதுவோம், கட்டத்தைக் காலியாக விடமாட்டோம்.

அந்த 1968 முக்கியமான வருஷம். ஜான் கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி என்று அடுத்தடுத்து நடந்த கொலைகளுக்குப் பிறகு வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான், விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் வாங்க வேண்டும், பதிவு வைக்க வேண்டும் என்று இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. உரிமம் தருவதும் சோதனைக்கு வருவதும் ஏடிஎஃப், துப்பாக்கி விஷயங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பு. சாதாரணச் சோதனைக்கு 12 மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் அவர்கள் வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் வந்தால் புத்தகத்தையும் அலமாரியையும் வரி வரியாக ஒப்பிடுவார்கள். எங்கள் முதலாளி, பழைய ராணுவக்காரர், எதற்கும் அசராத மனிதர், அன்றைக்கு மட்டும் காபியை வைத்த இடம் தெரியாமல் தேடுவார்.

இரண்டாவது பதிவு 4473. வாங்குபவர் தன் கைப்பட நிரப்பிக் கையெழுத்துப் போடும் படிவம். நம்மவர்கள் வழுக்கும் இடங்கள் எனக்கு மனப்பாடம். பெயர்தான் முதலில். டிரைவர் லைசென்ஸில் இருப்பதுபோலவே முழுப்பெயர் வேண்டும். நடுப்பெயர் இல்லையென்றால் இல்லை என்பதற்கான குறியைப் போட வேண்டும், வெறும் இனிஷியல்தான் பெயரே என்றால் அதற்கும் தனிக் குறி. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக ஆக்கி, அதையும் பாதியாக வெட்டி விசாவில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி வைத்திருக்கும் நமக்கு இங்கேயே கால்மணி நேரம் போகும். அடுத்து உயரமும் எடையும். சென்டிமீட்டரும் கிலோவும்தான் தெரியும் என்றால் செல்போனில் மாற்றிப் பார்த்து அடியிலும் பவுண்டிலும் எழுதுங்கள். அதற்கடுத்து இனம் பற்றி இரண்டு கேள்வி. 'ஆசியர்' என்று டிக் செய்துவிட்டு, ஹிஸ்பானிக்கா இல்லையா என்பதை விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் பதில் வேண்டும். முகவரியில் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்ற இடத்தில் 'யுஎஸ்ஏ' என்று எழுதுவதைக் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் உட்பட. வீடு மாறி லைசென்ஸில் பழைய முகவரியே இருந்தால், புது முகவரியோடு அரசாங்கம் கொடுத்த வேறொரு தாளும் கொண்டுவாருங்கள். வண்டிப் பதிவுச் சான்று போதும். கிரீன் கார்டுக்காரர்கள் கார்டையும் எடுத்துவர வேண்டும், அதிலுள்ள எண்ணைப் படிவம் கேட்கும்.

தப்பாக எழுதினால் வெள்ளை மையைத் தேடாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பிய பிறகு குறை கண்ணில் பட்டால் அசலில் கை வைக்கவே மாட்டோம். நகல் எடுத்து, நகலில் திருத்தி, அசலோடு சேர்த்து வைப்போம். கணக்கு படித்தவளுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துப்போனது. தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும்.

படிவம் முடிந்ததும், வாங்குபவருக்குத் துப்பாக்கி வாங்கச் சட்டத்தில் தடை உண்டா என்று எஃப்பிஐ பார்க்கும் பேக்ரவுண்ட் செக். 1993-ல் பிரேடி சட்டம் வந்து, 1998 நவம்பரில் இந்த உடனடிச் சோதனை தொடங்கியது. 'கொடுக்கலாம்', 'தாமதம்', 'மறுப்பு' என்று மூன்றில் ஒரு பதில் வரும். தாமதம் என்று வந்து 3 வேலைநாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், கடை விரும்பினால் கொடுக்கலாம் என்பது கூட்டாட்சிச் சட்டம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது 10 வேலைநாள்வரை நீளலாம் என்று 2022-ல் மாற்றினார்கள். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் இந்த மூன்று நாள் கெடு தாண்டியதால்தான் துப்பாக்கி வாங்க முடிந்தது. எங்கள் முதலாளி, பதில் வராமல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார். சில வாடிக்கையாளர்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள், போகட்டும்.

சோதனை எவ்வளவு நல்லது என்பது மறுமுனையில் எழுதுபவர்களைப் பொறுத்தது. 2017-ல் இதே டெக்சஸில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர் போனது, வயிற்றிலிருந்த குழந்தையையும் சேர்த்து. சுட்டவன் விமானப்படையில் இருந்தபோது குடும்ப வன்முறைக்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அந்தத் தண்டனையை விமானப்படை எஃப்பிஐக்கு அனுப்பவே இல்லை. கடையில் படிவம் நிரப்பினார்கள், சோதனையும் செய்தார்கள், 'கொடுக்கலாம்' என்றே பதில் வந்தது. யாரோ ஓர் எழுத்தர் அனுப்ப வேண்டிய தாள். நானும் அந்த மாதிரி வேலைதான் பார்க்கிறேன் என்பதால் இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

"அப்ப நான் வாங்கினது கவர்மென்ட் லிஸ்ட்ல ஏறிடுமா அக்கா?" என்று கேட்காதவர் இல்லை. அப்படி நாடு தழுவிய உரிமையாளர் பட்டியல் வைக்கக்கூடாது என்று 1986 சட்டம் தடுக்கிறது. (இயந்திரத் துப்பாக்கி, சைலன்ஸர் போன்றவை வேறு சட்டத்தில் வருகின்றன, அவற்றுக்குப் பதிவு உண்டு.) 'கொடுக்கலாம்' என்று வந்த சோதனையில் உங்களை அடையாளம் காட்டும் விவரத்தை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். உங்கள் 4473 எங்கள் கடை அலமாரியில்தான் இருக்கும். முன்பெல்லாம் 20 வருஷம் வைத்தால் போதும். 2022 ஆகஸ்டிலிருந்து கடை இருக்கும்வரை வைத்திருக்க வேண்டும். கடையை மூடினால் பெட்டி பெட்டியாக மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரிலுள்ள தடமறியும் மையத்துக்குப் போகும்.

அங்கிருந்துதான் எங்களுக்குப் போன் வரும். குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், போலீஸ் சீரியல் நம்பரை அந்த மையத்துக்கு அனுப்பும். அவர்கள் தயாரித்த நிறுவனத்தைக் கேட்பார்கள், நிறுவனம் மொத்த வியாபாரியைச் சொல்லும், மொத்த வியாபாரி எங்கள் கடையைச் சொல்வார். நாங்கள் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் இப்படித் தேடுகிறார்கள். நான் புத்தகத்தைத் திறந்து, வரியைப் பிடித்து, 4473-ஐ உருவிப் பெயரைச் சொல்வேன். அதோடு நூல் அறுந்துபோகும். அந்தப் பெயர்க்காரர் யாருக்கு விற்றார் என்று எழுதிய தாள் உலகத்தில் எங்கும் இல்லை, அவரே எழுதி வைத்திருந்தால் தவிர.

தனிநபர் விற்பனை பற்றிய பேச்சு இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். டெக்சஸில் ஒரு டெக்சஸ்வாசி இன்னொரு டெக்சஸ்வாசிக்குத் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கலாம். படிவம் வேண்டாம், சோதனை வேண்டாம், யாருக்கும் தெரிவிக்க வேண்டாம். நம் ஆட்கள் இதைக் கேட்டதும் "அப்ப ஃப்ரீயா விக்கலாம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். விற்கலாம். ஆனால் வேலியும் இருக்கிறது. வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்கு நேரடியாக விற்கக்கூடாது. ஓக்லஹோமாவில் இருக்கும் மச்சானுக்குக் கைத்துப்பாக்கி கொடுப்பதானாலும், அவர் ஊர் உரிமக் கடைக்கு அனுப்பி, அங்கே அவர் 4473 நிரப்பித்தான் வாங்க வேண்டும். வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்றால் விற்றவர் மேல் குற்றம். குடிபோதையில் இருப்பவருக்கு விற்பதை டெக்சஸ் சட்டம் தனியாகவே தடுக்கிறது. கடைசியாக, வாங்கி வாங்கி லாபத்துக்கு விற்றுக்கொண்டே இருந்தால் அது தொழில், உரிமம் வேண்டும். 'பிழைப்புக்காக' என்று இருந்த இடத்தை 2022-ல் 'பெரும்பாலும் லாபம் சம்பாதிப்பதற்காக' என்று மாற்றிவிட்டார்கள். இத்தனை விற்றால்தான் தொழில் என்று எண்ணிக்கை எதுவும் சட்டத்தில் கிடையாது. "நான் மாசத்துக்கு ரெண்டுதானே" என்று கணக்குப் போடுபவர்கள் கவனிக்க.

2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட்-ஒடெஸா பகுதியில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றவன், 2014-லேயே கடையில் வாங்கப் போய்ச் சோதனையில் மறுக்கப்பட்டவன். பிறகு 2016-ல் ஒரு தனிநபரிடம் ஏஆர்-15 வகை ரைஃபிள் வாங்கினான். அங்கே சோதனை இல்லையே. விற்றவர் உரிமமில்லாமல் துப்பாக்கி வியாபாரம் செய்ததாக ஒப்புக்கொண்டு, 2021-ல் இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். எங்கள் கடைக் கவுண்ட்டரில் யாராவது தனிநபர் விற்பனையைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் முதலாளி இந்த வழக்கை மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நான் சொல்லும் யோசனை ஒன்றே: விற்பதானால் கடை வழியாக விற்றுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் டிரான்ஸ்ஃபருக்கு 25 முதல் 50 டாலர் வாங்குகிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து வருவார்கள், வாங்குபவர் 4473 நிரப்புவார், சோதனை நடக்கும், எங்கள் புத்தகத்தில் உங்களிடமிருந்து வரவு, அவருக்குப் பற்று என்று ஏறும். அறுந்த நூலில் ஒரு முடிச்சு விழுந்துவிடும். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு நீங்கள் கிளம்பிப் போய், வாங்குபவருக்கு மறுப்பு வந்துவிட்டால், உங்கள் துப்பாக்கியை உங்களுக்கே திருப்பிக் கொடுக்க நீங்களும் 4473 நிரப்பிச் சோதனைக்கு உட்பட வேண்டும். "என்னுதுதானே!" என்று ஒருவர் கத்தினார். அவருடையதுதான், ஆனால் புத்தகத்தில் ஏறியாகிவிட்டது. அதனால் முடிவு வரும்வரை கூடவே இருங்கள்.

கடை வேண்டாம், நேரில்தான் விற்பேன் என்றால் ஒரு விற்பனைச் சீட்டாவது எழுதுங்கள். சட்டம் கேட்பதில்லை, நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. இருவர் பெயர், முகவரி, தேதி, துப்பாக்கியின் நிறுவனம், மாடல், கேலிபர், சீரியல் நம்பர், தான் டெக்சஸ்வாசி, தடை செய்யப்பட்டவன் இல்லை என்று வாங்குபவர் எழுதிய ஒரு வரி, இரண்டு கையெழுத்து. டெக்சஸ் லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள். கைத்துப்பாக்கி உரிமமும் வைத்திருந்தால் இன்னும் நல்லது, அதற்கு ஏற்கெனவே சோதனை நடந்திருக்கும். கையெழுத்துப் போட மாட்டேன் என்பவரிடம் சிரித்துக்கொண்டே "வேணாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். நூறு டாலர் கூடத் தருகிறேன் என்பவரிடமும்தான்.

ஒரு நாள் மார்ட்டின்ஸ்பர்க்கிலிருந்து வந்த எண்ணுக்கு வரியைத் தேடினால், சங்கத்தில் பொங்கலுக்குக் கரும்பு கட்டும் நம்மாளின் பெயர். அவரிடம் முன்கூட்டிச் சொல்வது என் வேலையில்லை, சொல்லவும் இல்லை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவரே சொன்னார். வேறொரு நகரத்திலிருந்து இரண்டு துப்பறிவாளர்கள் வீட்டுக்கு வந்தார்களாம். மூன்று வருஷம் முன்பு விற்றிருக்கிறார். சீட்டையும் வாங்கியவரின் லைசென்ஸையும் போட்டோ எடுத்துத் தனக்கே மெயில் அனுப்பி வைத்திருந்ததால், போனைத் திறந்து காட்டியிருக்கிறார். காபி ஆறுவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்களாம். "நீங்கதான் அக்கா சொன்னீங்க, எழுதி வைங்கன்னு" என்றார். நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை, மறுக்கவும் இல்லை.

இப்போது எச்1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகளுக்கு. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எச்1பி, எச்4, மாணவர்களுக்கான எஃப்1 எல்லாம் இதில் அடக்கம். விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். சுடுதளத்தில் வாடகைக்குத் துப்பாக்கி எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது'தான், அதனால்தான் சில இடங்களில் வேட்டை லைசென்ஸைக் கேட்கிறார்கள். காலாவதி ஆன அன்றே அந்த விலக்கும் போய்விடும், தேதியைப் பாருங்கள். வீட்டில் ஒருவர் குடியுரிமை பெற்றவர், மற்றவர் விசாவில் என்றால் பெட்டகத்தின் சாவி யாரிடம் என்பதும் கேள்வியாகும். அதை என்னிடம் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

"அண்ணா, உங்க பேர்ல ஒண்ணு வாங்கிக் குடுங்க, காசு தந்துடறேன்." கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு பேர் தமிழில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில். "தம்பி, அது ஆகாது" என்று நான் தமிழில் சொன்னதும் இருவர் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். 4473-ன் முதல் முக்கியக் கேள்வியே 'உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா' என்பது. இன்னொருவர் பணத்தில் அவருக்காக வாங்கிக்கொண்டு 'ஆம்' என்று டிக் செய்தால் பொய். அந்த இன்னொருவர் சட்டப்படி வாங்கத் தகுதியானவராக இருந்தாலும் பொய்தான். அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் தன் மாமாவுக்காக, போலீஸ் தள்ளுபடியில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமாவும் தகுதியானவர்தான், உரிமக் கடை வழியாகத்தான் அவருக்கு மாற்றியும் கொடுத்தார். ஆனாலும் 2014-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தண்டனையை உறுதி செய்தது. தடை செய்யப்பட்டவருக்காகவோ குற்றத்துக்காகவோ இப்படி வாங்கினால் 2022 முதல் தனிச் சட்டம், 15 வருஷம்வரை சிறை. உங்கள் சொந்தக் காசில் அண்ணனுக்கு உண்மையான பரிசாக வாங்குவது வேறு, அது செல்லும், வாங்கிக்கொள்பவர் தகுதியானவராக இருந்தால். விசாவில் இருப்பவர் இதில் மாட்டினால் தண்டனையோடு போகாது, ஊருக்கு டிக்கெட்டும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, இது விற்காதவர்களுக்கும் சேர்த்து. வீட்டிலிருக்கும் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் எழுதி, பெட்டகத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். காணாமல் போனால் கடைக்காரர் 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் போலீஸுக்கும் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டெக்சஸில் தனிநபருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் சொல்லுங்கள். எண் இல்லாமல் புகார் கொடுத்தால் 'கறுப்புக் கைத்துப்பாக்கி, 9 எம்எம்' என்றுதான் எழுதிக்கொள்வார்கள். இந்த ஊரில் அதற்கு அர்த்தமே இல்லை.

காரை உடைத்துத் துப்பாக்கியைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு தம்பி கடைக்கு ஓடி வந்தார். எண் தெரியாது, ரசீது இல்லை, பெட்டியைத் தூக்கிப் போட்டாயிற்று. 4473-களைப் பெயர்வரிசையிலோ தேதிவரிசையிலோ எண்வரிசையிலோ அடுக்கலாம். எங்கள் கடையில் தேதிவரிசை. "எப்ப வாங்கினீங்க?" என்றேன். தெரியாது. இரண்டு மூன்று வருஷத் தாள்களைப் புரட்ட வேண்டுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, "தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைக்கா, முறுக்கு வாங்கப் போற வழியில வந்தேன், உங்களுக்கும் ஒரு பாக்கெட் குடுத்தேனே" என்றார். முறுக்கு எனக்கு நினைவிருந்தது. எந்த வருஷத் தீபாவளி என்று கைப்பேசியில் பார்த்து, அந்தச் சனிக்கிழமைக் கட்டை எடுத்து, எண்ணை எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே போலீஸில் பதிந்துவிட்டார். துப்பாக்கி இன்னும் கிடைக்கவில்லை.